கை நனைக்காமல் போகும் நண்பர்கள்: கொங்கு வட்டாரத் திருமணங்களில் நட்பும் சாதியும்

தமிழ்நாட்டில் அச்சாகும் திருமண அழைப்பிதழ்களில் ஒரு தொடர் தவறாமல் இடம்பெறும். தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்துமாறு வேண்டுகிறோம் என்பது அது. அச்சில் சுற்றமும் நட்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கொங்கு வட்டாரத்தில் சுற்றம் என்றால் பங்காளிகளும் மாமன் மச்சான்களும்; அதாவது ஒரே சாதி. நட்புக்கு அந்த எல்லை இல்லை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், கல்லூரியில் ஒரே பேருந்தில் வந்தவர், கம்பெனியில் ஒரே டேபிளில் தைத்தவர் என எவரும் நண்பராகலாம். ஆகவே திருமணம் என்ற சாதி நிகழ்வுக்குள் சாதி தாண்டிய மனிதர்கள் முறைப்படி அழைக்கப்பட்டு நுழையும் வாசல் அந்த 'நட்பு' என்ற சொல் ஒன்றுதான். அந்த வாசல் வழியாக எவ்வளவு தூரம் உள்ளே போக முடிகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்தில், பெருமாநல்லூரிலிருந்து கோபிச்செட்டிபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது குன்னத்தூர். ஒருபுறம் தோட்டங்களும் காடுகளும், மறுபுறம் திருப்பூரின் பனியன் தொழில். இத்தகைய ஊர்களில் பெற்றோர் காட்டு வேலைக்குப் போன தலித் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பனியன் கம்பெனிகளில் டெய்லராக, கட்டிங் மாஸ்டராக, செக்கிங், அயர்னிங், பேக்கிங் வேலைகளில் இருக்கிறார்கள். தோட்டத்தில் ஆண்டைக்கும் பண்ணையாளுக்கும் இடையே இருந்த தூரத்தைக் கம்பெனியின் ஷிப்ட் முறை முழுவதும் அழித்துவிடவில்லை, ஆனால் குலைத்திருக்கிறது. ஓவர்லாக் மிஷினில் உட்காருபவரும் அவர் தைத்துத் தள்ளியதை அடுத்து வாங்கித் தைப்பவரும் ஒரே டீயைப் பங்கிட்டுக் குடிக்கிறார்கள். கூலி பீஸ் கணக்கு. ஒருவர் தாமதித்தால் இன்னொருவரின் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். இந்தச் சார்பிலிருந்து நட்பு பிறக்கிறது. நட்பு உண்டானால் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காமல் இருக்க முடியாது.

பத்திரிகை வைக்கப்படுகிறது. கம்பெனி நண்பர்கள் பணம் போட்டு மிக்ஸியோ பீரோவோ வாங்குகிறார்கள். மண்டப வாசலில் நண்பர்களின் படங்களோடு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டப்படுகிறது. அதில் சாதிச் சங்கத் தலைவரின் முகமும் இருந்தால், தலித் நண்பரின் படம் அந்த வரிசையில் இருக்குமா இருக்காதா என்பதை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இதுவரை எல்லாம் சுமுகம். உரசல் தொடங்குமிடம் பந்தி.

கொங்குப் பேச்சில் விருந்துண்பதைக் 'கை நனைத்தல்' என்பார்கள். வந்தவர் கை நனைக்காமல் போனால் வீட்டுக்காரருக்கு அது மனக்குறை. தலித் வீட்டுத் திருமணத்துக்கு வரும் ஆதிக்கச் சாதி நண்பர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வருகிறார், கை குலுக்குகிறார், மேடையேறிப் படம் எடுத்துக்கொள்கிறார், மொய் எழுதுகிறார். சாப்பிடச் சொன்னால் அவசர வேலை என்கிறார், விரதம் என்கிறார், இப்போதுதான் சாப்பிட்டேன் என்கிறார். மிகவும் வற்புறுத்தினால் மூடி திறக்காத குளிர்பானப் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொள்கிறார். நாகரிகமான இந்த விலகலை எந்தச் சட்டத்தாலும் தண்டிக்க முடியாது. அவரே கூட இதைத் தீண்டாமை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அந்த வளவில் இருக்கும் எல்லாருக்கும் அது புரியும். மணமகனுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே புரியும்.

மறுதிசையில் நிலைமை வேறு. ஆதிக்கச் சாதி நண்பரின் திருமணம் மண்டபத்தில் நடந்தால் தலித் நண்பர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். சமையல் ஒப்பந்தக்காரருடையது, பரிமாறுபவர்கள் கூலிக்கு வந்தவர்கள், பக்கத்து இலையில் இருப்பவர் யாரென்று எவருக்கும் தெரியாது. மண்டபம் தரும் சமத்துவம் வாடகைச் சமத்துவம். சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் முடிந்துவிடும். முந்தைய நாள் வீட்டில் நடக்கும் சீர்களுக்கும், மறுநாள் வீட்டு அடுப்பில் சமைக்கும் விருந்துக்கும் அந்த நண்பருக்கு அழைப்பு வருவதில்லை. என்னைக் கேட்டால், இரு நண்பர்களுக்கிடையே சாதி இருக்கிறதா என்று அறிய மண்டபத்தைப் பார்ப்பதில் பயனில்லை. வீட்டுச் சமையலறை யாருக்குத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சோறு எவ்வளவு கனமான விஷயம் என்பதை இந்த மாவட்டமே காட்டியிருக்கிறது. 2018 ஜூலையில் அவிநாசி வட்டத்தில் சேவூர் அருகேயுள்ள திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பாப்பாள் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது பாப்பாளை இடமாற்றம் செய்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. அரசுப் பணத்தில், அரசுப் பள்ளியில், குழந்தைகளுக்குச் சமைப்பதே இப்படியென்றால், ஒரு வீட்டின் கல்யாணச் சோறு எத்தனை காவலுக்குள் இருக்கும்!

கல்யாணப் பந்தியே கொலைக்களமானதும் உண்டு. 2019 ஏப்ரலில் உத்தராகண்ட் மாநிலம் தெஹ்ரி கர்வால் மாவட்டத்தில் ஒரு திருமண விருந்துக்குப் போன ஜிதேந்திரா என்ற தலித் இளைஞர், ஆதிக்கச் சாதியினர் முன்னிலையில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதற்காகத் தாக்கப்பட்டார். மே மாதத் தொடக்கத்தில் மருத்துவமனையில் இறந்தார். வடக்கில்தான் இப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அங்கே நாற்காலியைப் பிடுங்குகிறார்கள், இங்கே குளிர்பானப் பாட்டில் கேட்கிறார்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வருபவை.

அந்தக் கணக்கு பழையது. கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கயம் பகுதியில் தங்கிக் கள ஆய்வு செய்து, கொங்கின் சாதியமைப்பைப் பற்றி 1972இல் நூல் வெளியிட்டார். யார் யாரிடமிருந்து சோறு வாங்குவார்கள், யார் எங்கே உட்கார்ந்து உண்பார்கள் என்பதையே அவர் சாதித் தரவரிசையின் அளவுகோல்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். கொங்கு வேளாளர் திருமணத்தில் சடங்கை நடத்துபவர் அருமைக்காரர். மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். பார்ப்பனர் இல்லாமலே நடக்கக்கூடிய திருமணம் என்று இதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. அந்தப் பெருமையில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பார்ப்பனர் இல்லாததால் சாதி இல்லாமல் போய்விடவில்லை. ஒவ்வொரு சாதிக்கும் அதில் ஓர் ஊழியம் உண்டு, ஊழியத்துக்கேற்ற இடமும் கூலியும் உண்டு. தலித்துகளும் அந்தத் திருமணங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். பந்தலுக்கு வெளியே, வேலை செய்ய, கடைசியில் சோறு வாங்கிப் போக. இல்லாதிருந்தது 'நண்பர்' என்ற இடம். எந்தச் சீரிலும் நண்பருக்கென்று ஒரு முறை கிடையாது. ஆகவே பத்திரிகையோடும் பரிசோடும் வந்து நிற்கும் தலித் நண்பரை எங்கே வைப்பது என்று அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. ஊழியத்துக்கு வந்தவரைப் போலவும் நடத்த முடியாது, உறவினரைப் போலவும் நடத்த முடியாது.

இன்னொரு சங்கடத்தையும் பேசியாக வேண்டும். நெருங்கிய நண்பரின் திருமணத்தில் நாம் எதைக் கொண்டாடுகிறோம்? ஜாதகமும் சாதியும் கூட்டமும் பார்த்து நிச்சயித்த திருமணம் ஒவ்வொன்றும் சாதியை இன்னொரு தலைமுறைக்குக் கடத்துகிறது. அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அகமணமே சாதியின் சாரம் என்று காட்டிவிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, சாதி ஒழிப்பு குறித்த நூலில், சேர்ந்து உண்பது போதாது, கலப்புமணமே உண்மையான மருந்து என்று வாதிட்டார். அப்படியானால் தன்னை விலக்கி வைக்கும் ஏற்பாட்டின் விழாவுக்குத் தலித் நண்பர் பரிசு வாங்கிக்கொண்டு போய்க் கைதட்டுகிறார் என்றாகிறது. இதற்காக நண்பரின் திருமணத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதே நூலில் அம்பேத்கர், ஜனநாயகம் என்பது முதன்மையாகக் கூடி வாழும் முறை என்றும் சொல்கிறார். கூடி வாழாத இடத்தில் கலப்புமணம் எங்கிருந்து வரும்? சாதி கடந்த காதலுக்கு முன்பு சாதி கடந்த நட்பு இருக்கிறது. கல்லூரி நண்பர் வட்டத்திலோ கம்பெனி நண்பர் வட்டத்திலோதான் அந்த இருவரும் சந்திக்கிறார்கள். கைப்பேசியைக் கடன் கொடுப்பதும் சேதி கொண்டுபோவதும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திடுவதும் நண்பர்கள்தாம்.

சாதி வெறியர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தன்னுடன் படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பகுதியில் ரயில் பாதையில் அவருடைய உடல் கிடந்தது. திருமணம் எதுவும் நடந்திருக்கவில்லை. இரண்டு பேர் ஒரு கோயிலில் பேசினார்கள், அவ்வளவே. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. அந்த வழக்கில் முதன்மைச் சாட்சியாக இருந்த தோழி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். அவரைத் துரோகி என்று எழுதுவது எளிது. தன் சாதியாரே கொலையாளிகளாக நிற்கும்போது, தன் வீட்டிலேயே வாழ்ந்துகொண்டு உண்மை பேச வேண்டிய பெண்ணுக்கு அரசு என்ன பாதுகாப்பைக் கொடுத்தது என்று கேட்பதுதான் கடினம்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா படுகாயத்துடன் உயிர் தப்பினார். அவர்களும் கல்லூரியில் சந்தித்தவர்கள். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. குன்னத்தூரும் உடுமலையும் ஒரே மாவட்டத்துக்குள் இருப்பவை.

பெண்களுக்கு இந்த நட்பு வாசல் இன்னும் குறுகலானது. கொங்கின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஒரு வேலை முறை பரவியிருந்தது. மணமாகாத இளம்பெண்களை மூன்று ஆண்டுகள் போல ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகையை மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். அப்படி வந்தவர்களில் கணிசமானோர் தென்மாவட்டங்களின் தலித் குடும்பத்துப் பெண்கள். இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறினால் அந்தத் தொகை கிடைக்காமல் போனதை 2011 முதல் வெளியான தொழிலாளர் உரிமை ஆய்வறிக்கைகள் பதிவு செய்தன. அந்த அறிக்கைகள் கூலியையும் வேலை நேரத்தையும் சரியாகவே பேசின. நட்பைப் பேச அவற்றில் இடமில்லை. ஒரே அறையில் மூன்று ஆண்டுகள் படுத்தெழுந்த பெண்கள், யாருடைய கல்யாணத்துக்காக உழைத்தார்களோ அந்தக் கல்யாணத்துக்கு ஒருவர் மற்றவரைப் பார்க்கப் போக முடிவதில்லை. விடுதியில் அனுமதி கிடைக்காது. கிடைத்தாலும் வீட்டில் தனியாகப் பயணம் செய்ய விடமாட்டார்கள். ஆண் நண்பர்கள் வேன் பிடித்து வந்து ஆடிப் பாடுவதைக் கேலி செய்வது நமக்குப் பழக்கம். அதைச் செய்யக்கூட வாய்ப்பில்லாத தோழிகள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

இனி, நண்பர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டம். சாதிச் சடங்கில் இடம் பெறாத நண்பருக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட போராட்டம் இருக்கிறது. குன்னத்தூருக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டிலிருந்து புறப்பட்ட பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1920களின் பிற்பகுதியிலிருந்து புரோகிதரும் சடங்கும் இல்லாத திருமணங்களை நடத்தியது. அவை மணமக்களின் தோழர்கள் கூடி, மேடையில் பேசி, வாழ்த்தி நடத்திய திருமணங்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அண்ணாவின் அரசு 1967இல் சட்டம் இயற்றி, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அதன்படி செல்லுபடியாயின.

அந்தப் பிரிவு கேட்பது மிகக் குறைவு. உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிற நபர்கள் முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக இருவருக்கும் புரிந்த மொழியில் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். புரோகிதர் வேண்டாம், மண்டபம் வேண்டாம், பெற்றோர் சம்மதம் வேண்டாம். சட்டத்தின் கண்ணில் உறவினரும் நண்பரும் சம எடை உள்ளவர்கள். அழைப்பிதழ் வெறும் வாயளவில் சொல்லும் 'சுற்றமும் நட்பும்' என்பதைச் சட்டம் மெய்யாகவே சொல்கிறது.

இதையும் பறிக்க முயற்சி நடந்தது. வழக்கறிஞர் அலுவலகங்களில் இரகசியமாக நடக்கும் திருமணங்கள் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. ஊரறியச் செய்தால் உயிர் போகும் என்று அஞ்சுகிறவர்களிடம் ஊரறியச் செய் என்று சொன்ன தீர்ப்பு அது. ஒன்பது ஆண்டுகள் அது நின்றது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், இளவரசன் என்பவர் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வின் வழியாக அதை நிராகரித்தது. 7-ஏ பிரிவின்கீழ் நடக்கும் திருமணத்துக்குப் பொது அறிவிப்பு கட்டாயமில்லை, அப்படிக் கட்டாயப்படுத்துவது மணமக்களின் உயிருக்கே ஆபத்தாகலாம், வழக்கறிஞர்கள் தம் தொழிலின் பேரால் இல்லாமல் நண்பர் அல்லது உறவினர் என்ற தனிப்பட்ட முறையில் முன்னிலை வகிக்கலாம் என்பவை அத்தீர்ப்பின் சாரம்.

இப்பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டுமே பொருந்தும். இச்சட்டத்தில் இந்து என்பதில் பௌத்தர், சமணர், சீக்கியரும் அடங்குவர். இணையரில் ஒருவர் தலித் கிறித்தவர் என்றால் 7-ஏ உதவாது. அவர்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாட வேண்டும். அங்கேதான் சிக்கல்: முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். ஆபத்தில் இருக்கும் இணையருக்கு அந்த முப்பது நாள் மிக நீண்டது. அந்தக் காலத்தில் தங்குமிடம், பாதுகாப்பு, வழக்கறிஞர் ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நண்பர்களின் முதல் வேலை. திருமண நாளில் மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். எந்தச் சட்டமானாலும் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்ததற்கான சான்று கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் உதவிய நண்பர்கள் மீதே கடத்தல் வழக்கும் போக்சோ வழக்கும் பாயக்கூடும். 7-ஏ முறையில் நடந்த திருமணத்தைத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். எங்கே, எப்போது, யார் முன்னிலையில் நடந்தது என்பதை உள்ளபடியே எழுதுங்கள். வசதிக்காக மாற்றி எழுதிய ஒரு வரி பின்னாளில் நீதிமன்றத்தில் திருமணத்தையே கேள்விக்குள்ளாக்கும்.

பெண்ணைக் காணவில்லை என்று புகார் வந்ததும் காவல் நிலையம் முதலில் தேடுவது நண்பர்களை. மணமகனின் உறவினர்கள் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை 2006இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வயது வந்தோர் விரும்பிச் செய்யும் சாதி மறுப்புத் திருமணத்துக்குக் காவல்துறை பாதுகாப்புத் தர வேண்டும் என்றும், மிரட்டுவோர் மீதே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2018இல் சக்தி வாகினி வழக்கில், இத்தகைய இணையருக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க வேண்டும் என்றும், பாதுகாப்பு இல்லம் அமைப்பதை மாநில அரசுகள் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. காவல் நிலையத்துக்குப் போகும் நண்பர் இந்த இரண்டு தீர்ப்புகளின் படிகளையும் பையில் வைத்திருப்பது நல்லது. நிலையத்தில் இருப்பவர்கள் அவற்றைப் படித்திருப்பார்கள் என்று நம்பிப் போக வேண்டாம்.

தலித் வீட்டுத் திருமணத்தின் கொண்டாட்டத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், திருமண ஊர்வலம் செல்வதையும், அதில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறி வருவதையும், பொது இடத்தில் புத்தாடையும் செருப்பும் அணிவதையும் தடுப்பதைக் குற்றமாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் புதுச் சட்டை போடுவதற்குச் சட்டம் எழுத வேண்டியிருந்தது.

2025 ஜூலையில் திருநெல்வேலியில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த கோரிக்கைகளுக்குப் பிறகு, ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. தனிச் சட்டம் பற்றிய விவாதங்களில் இணையரின் பாதுகாப்பு முதன்மை பெறுவது இயல்பு. சாட்சிக் கையெழுத்திட்டவர், இரவு தங்க இடம் கொடுத்தவர், வண்டியில் கொண்டுபோய் விட்டவர் ஆகியோருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். காணாமல் போனவர் புகாரில், விருப்பத்தோடு மணந்தவர்களின் நண்பர்களைக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கும் வழக்கத்துக்குத் தடை வேண்டும். பிறழ்சாட்சி ஆகும்வரை கைவிடப்படும் தோழிகளுக்குச் சாட்சிப் பாதுகாப்பு வேண்டும். கொங்கு வட்டாரத்தின் கல்லூரி மாணவர்களும் பனியன் தொழிற்சங்கங்களும் எழுதிக் கொடுக்க வேண்டிய கோரிக்கைகள் இவை.

குளிர்பானப் பாட்டில் பற்றி எந்த ஆணையமும் எதுவும் செய்ய முடியாது. அடுத்த முகூர்த்தத்தில் உங்கள் நண்பரின் வளவில் பந்தி போடும்போது, முதல் வரிசையில் உட்காருங்கள்.